மேசைப் போர்க்களத்திற்குச் சாலை அமைத்தல்

சிறு பொம்மை வீரர்களையும் பீரங்கிகளையும் டாங்கிகளையும் ஒரு பெரிய மேசையின்மீது நிறுத்தி, வகுத்துக்கொண்ட விதிகளின்படி, நடந்து முடிந்த போர்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் பழக்கம் மேனாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வளர்ந்தவர்கள் செய்யத்தக்க காரியமா இது என்று நகைப்போர் உண்டு. போரை விளையாட்டாக்கலாமா என்று வருந்துவோரும் உண்டு. சதுரங்கப் பலகையில் யானையையும் குதிரையையும் வெட்டி வீழ்த்தி மகிழும் நாம் இரண்டாவது கேள்வியை அவ்வளவு கடுமையாகக் கேட்டுவிட இயலாது. முதற் கேள்விக்குரிய விடை, அம்மேசையில் அமையும் பொருள்களுள் மிக எளியதாகத் தோன்றும் ஒன்றை எடுத்து நுணுகிப் பார்த்தால் விளங்கும். அப்பொருள் சாலை.

குன்றும் மரமும் வீடும் செய்வதில் காட்டும் அக்கறையைப் பலர் சாலை செய்வதில் காட்டுவதில்லை. பழுப்பு நிறத் துணிப்பட்டை ஒன்றை விரித்துவிட்டு, இதுதான் சாலை என்று முடித்துக்கொள்வர். ஆனால் படை நடப்பது சாலையில். அரிசியும் வெடிமருந்தும் வருவது சாலையில். தோற்றவன் பின்வாங்குவதும் அதே சாலையில்தான். சாலை பொய்யானால் அதன்மேல் நடக்கும் போரும் பொய்யாகிவிடும்.

இக்கலையின் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். பிரஷ்யா நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் 1812 இல் தம் அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையை அளித்தார். மேடு பள்ளங்களோடு சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டிய துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வேண்டிய நிலப்பரப்பை அதில் உருவாக்கிக்கொள்ளலாம். அவருடைய மகனார் 1824 இல் அதனைத் திருத்தி, 1க்கு 8,000 என்ற அளவில் வரைந்த நிலப்படத்தின்மீது ஆடும் முறையை வகுத்தார். அது பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிகளுள் ஒன்றாயிற்று. 'புதையல் தீவு' ஆசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், நோயின் காரணமாகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் குளிர்காலத்தைக் கழித்தபோது, தம் மனைவியின் மகனோடு சேர்ந்து மச்சறைத் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் ஒரு நாட்டையே வரைந்து ஈய வீரர்களைக் கொண்டு போரிட்டார். அத்தரைப்படத்தில் மலையும் ஆறும் பாலமும் இருந்தன. சாலைகளோ இரண்டு தரமாகப் பிரித்தே வரையப்பட்டிருந்தன. நல்ல சாலை எது, கெட்ட சாலை எது என்று தெரியாமல் ஒரு படை பொழுது சாய்வதற்குள் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிட முடியாது. கதை எழுதுகிறவருக்கு இது தெரிந்திருந்தது. பிற்காலத்தில் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் இதற்கென ஒரு சிறு நூலே எழுதினார்.

சிலிம் ரிவர் சாலை

வாட்டர்லூவுக்கோ நார்மண்டிக்கோ போக வேண்டியதில்லை. சாலை ஒன்றே போரின் முடிவைத் தீர்மானித்த இடம் நம் பேராக் மாநிலத்திலேயே உள்ளது. திரோலாக் வழியாகச் சிலிம் ரிவருக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலையைத்தான் குறிப்பிடுகிறேன். 1994 இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்ற பிறகு விரைந்து செல்வோர் இவ்வழி வருவது குறைந்துவிட்டது.

1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியர் வடக்கே கரையிறங்கியதிலிருந்து ஒரு மாத காலம் ஓயாமல் பின்வாங்கிக் களைத்துப்போயிருந்த 11 ஆவது இந்தியப் படைப்பிரிவு, 1942 ஜனவரித் தொடக்கத்தில் இச்சாலையில் நிலைகொண்டது. முன்னணியில் ஹைதராபாத் படையணி. அதன் பின்னே பஞ்சாபியர். அதற்கும் பின்னே திரோலாக்கில் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையணி. மேலும் தெற்கே கூர்க்கர்கள். திரோலாக்குக்கு வடக்கே சாலையின் இருமருங்கும் அடர்ந்த காடு. தெற்கே ரப்பர்த் தோட்டங்கள். மலாயாவில் பிரிட்டிஷார் தரப்பில் ஒரு டாங்கிகூட இருந்ததில்லை. அங்கு நின்ற இந்தியச் சிப்பாய்களுள் டாங்கியைக் கண்ணாற் காணாதவர்கள் பலர்.

ஜனவரி 7 ஆம் நாள் விடியுமுன் மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் சாலையின் வழியே நேராக வந்தன. ஹைதராபாத்தியரைக் கடந்தன. பஞ்சாபியர் புதைத்து வைத்திருந்த சில கண்ணிவெடிகளில் முதல் டாங்கி சிக்கி நின்றது. பின்னால் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நின்றன. இரு பக்கமும் காடு. முன்னே எரியும் டாங்கி. அன்றைய போர் அந்த இடத்தில் முடிந்திருக்கக்கூடும். ஆனால் முன்னொரு காலத்தில் வளைவுகளை வெட்டிச் சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டுகள் அங்கங்கே காட்டுக்குள் வளைந்து கிடந்தன. போதிய தடையும் காவலும் அவற்றுக்கு இல்லை. அவற்றுள் ஒன்றைக் கண்டுகொண்ட ஜப்பானியர் அதில் நுழைந்து, தடையைச் சுற்றிக்கொண்டு மீண்டும் பெருஞ்சாலையில் ஏறினர். காலை எட்டரை மணியளவில் லெப்டினன்ட் வாட்டானாபே சிலிம் ஆற்றுப் பாலத்தையே கைப்பற்றிவிட்டார். இரண்டு படையணித் தொகுதிகள் ஒரே காலைப்பொழுதில் சிதைந்தன. ஜனவரி 11 இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இப்போரை மேசையில் ஆடுவோர் சாலையைத் தவறாக அமைத்தால் என்ன விளையும்? முதல் டாங்கி எரிந்தால் அடுத்தது அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய சாலைத் துண்டுக்குத் தேவையே இராது. பார்த்துக்கொண்டிருக்கும் பையன், "சிப்பாய்கள் பயந்து ஓடிவிட்டார்கள், அதனால்தான் தோற்றார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தச் சாலையில் மாண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

அகலம்

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது நிறமன்று, அகலம். 1க்கு 72 என்ற அளவிலான மாதிரி வண்டிகள் கடைகளில் எளிதிற் கிடைப்பவை. அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். சாலையின் அகலம் 20 அடி என்று கொண்டால், மேசையில் அது 85 மில்லிமீட்டர் ஆகும். ஜப்பானியரின் 97 ஆம் வகை டாங்கி 2.33 மீட்டர் அகலமுடையது. மேசையில் 32 மில்லிமீட்டர். இப்போது சாலையின் நடுவே ஒரு டாங்கி எரிந்து நிற்கட்டும். அதன் இரு பக்கத்திலும் மிஞ்சுவது 26 மில்லிமீட்டர்தான். 32 மில்லிமீட்டர் டாங்கி அதில் நுழையாது. சாலை அடைபட்டது! அழகாக இருக்கட்டும் என்று அதே சாலையை 120 மில்லிமீட்டராக வெட்டிவிட்டால் பக்கத்திற்கு 44 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்; டாங்கி தாராளமாகப் போகும். 35 மில்லிமீட்டர் துணி வரலாற்றையே மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1க்கு 72 என்னும் அளவில் ஒரு மைல் நீளம் மேசையில் 22 மீட்டருக்கு மேல் வரும். எந்தப் பள்ளிக்கூட அறையும் அதற்குப் போதாது. எனவே நீளத்தைச் சுருக்கியே ஆகவேண்டும். நீளத்தைச் சுருக்கும்போது அகலத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் டாங்கி சாலைக்குள் அடங்காது. நீளம் ஓர் அளவுக்கும் அகலம் வேறோர் அளவுக்கும் கட்டுப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு, நீளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து, அகலத்தை மட்டும் வண்டிகளின் அளவிலேயே வைத்துக்கொள்வதுதான் வழி. முழுப் போரையும் ஆட விரும்புவோர் 1க்கு 300 என்ற மிகச் சிறிய அளவை நாடலாம். அதில் நம் சாலை 20 மில்லிமீட்டர்; ஒரு மைல் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

மணலும் உப்புத்தாளும்

சாலைக்கு அடித்தளமாக அட்டையைப் பயன்படுத்துவோர் நம் நாட்டு ஈரக்காற்றை மறந்தவர்கள். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய அட்டை ஒரே மாதத்தில் அப்பளம்போல் சுருண்டுவிடும். கஞ்சிப் பசையும் ஆகாது. கரப்பானுக்கு விருந்து வைப்பதாகும். தடித்த பருத்தித் துணியே சிறந்தது. கட்டடங்களில் சன்னல் ஓரத்துச் சந்துகளை அடைக்கப் பீச்சுக்குழலில் விற்கும் அக்ரிலிக் பசையை வாங்கிக்கொள்ள வேண்டும். சிலிக்கோன் என்று எழுதியிருப்பதை வாங்கிவிடக் கூடாது. அதன்மேல் வண்ணம் ஒட்டாது. அப்பசையில் சாம்பல் நிற வண்ணத்தையும் சலித்த மணலையும் குழைத்து, துணியின்மேல் பழைய அடிக்கோலால் மெல்லிதாக இழுத்துப் பூசி, ஒரு நாள் காயவிட வேண்டும். இது மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து படியும், சுருட்டியும் வைக்கலாம்.

மணல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? இதில்தான் பெரும்பாலோர் வழுக்கிவிழுகின்றனர். கடற்கரை மணலின் பருக்கை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். அதை 72 ஆல் பெருக்கிப் பாருங்கள். 36 முதல் 72 மில்லிமீட்டர்! கோழிமுட்டை அளவுக் கற்களைக் கொட்டிய ஆற்றுப்படுகைதான் அது, சாலையன்று. தார்ச் சாலையின் மேற்பரப்பில் தூவும் சல்லி அரை அங்குலத்தை ஒட்டியது. மேசையில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மெல்லிய துணியில் சலித்தெடுத்த தூள்மணலே இதற்குப் பொருந்தும். சலிக்கப் பொறுமையில்லாதவர்கள் உப்புத்தாள் வாங்கலாம். 80 ஆம் எண் தாளின் பருக்கை 0.2 மில்லிமீட்டர், 120 ஆம் எண் தாளின் பருக்கை 0.125 மில்லிமீட்டர். பெருக்கினால் முறையே 14 மில்லிமீட்டரும் 9 மில்லிமீட்டரும் வருகின்றன. நமக்கு வேண்டிய சல்லி இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது. உப்புத்தாளின் குறை, அது பொம்மைகளின் அடிவண்ணத்தைச் சுரண்டிவிடும் என்பது. நீர் கலந்த வெள்ளைப் பசையை ஒருமுறை அதன்மேல் தடவினால் கூர்மை மழுங்கும்.

உண்மைச் சாலை தட்டையானதன்று. நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். இல்லையேல் மழைநீர் தேங்கிச் சாலையை அரித்துவிடும். உடைத்த சிறு கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகினாலே பாரம் தாங்கும் என்று கண்ட மெக்காடம் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் போதும் என்றார். அவ்விகிதத்தில் நம் 85 மில்லிமீட்டர் சாலைக்கு வேண்டிய உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாலையின் பாதி அகலத்திற்கு ஒரு மெல்லிய தாள்பட்டையைத் துணியின் அடியில் நடுவாக ஒட்டினால் அது கிடைத்துவிடும். கண்ணுக்கு அது ஏறக்குறையத் தெரியாது. மேசை விளக்கின் ஒளி சாய்வாக விழும்போது மட்டும், இது சாலை என்று கண் நம்பிவிடும்.

நிறம்

தார் கருப்பு என்பது சொல்லளவில்தான். புதிதாகப் போட்ட சில வாரங்கள் அது கருப்பாக இருக்கும். பிறகு தார் தேய்ந்து கல் வெளிப்படும், வெயில் வெளுக்கச் செய்யும், புழுதி படியும். நம் சாலைகளில் பெரும்பாலும் கருங்கற் சல்லியே இருப்பதால் சில ஆண்டுகளில் வெளிர் சாம்பல் ஆகிவிடும். எனவே சாம்பல் நிறத்தில் ஒரு துளி பழுப்பு கலந்து பூச வேண்டும். தூரத்துப் பொருள் வெளுத்துத் தெரிவது இயற்கையாதலால், சிறிய மாதிரியில் எந்த நிறத்தையும் உண்மையினும் ஒரு படி வெளிறலாகவே தீட்டுவது முறை. காய்ந்த பின், தூரிகையில் வெள்ளை கலந்த சாம்பலைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, சாலையின் மேல் இலேசாக இழுத்தால் மணற்பருக்கைகளின் முனைகளில் மட்டும் நிறம் பற்றும். நடுக்கோடு, ஓரக்கோடு முதலியவற்றை இக்காலச் சாலையைப் பார்த்து வரைந்துவிடக் கூடாது. அந்த ஆண்டில் எடுத்த புகைப்படத்தில் இருந்தால் மட்டுமே வரையலாம்.

செம்மண் சாலை வேறு கதை. தார் போட்டதும் போடாததும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சடக்குதான். ஆயினும் செம்மண் சடக்கு என்றதும் அவர்கள் மனத்தில் எழும் நிறத்தை எந்தக் கடை வண்ணப் புட்டியும் கொடுக்காது. இம்மண்ணுக்கு லேட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். 1807 இல் வெளியான தம் தென்னிந்தியப் பயண நூலில் மலையாள நாட்டு மண்ணைப் பார்த்துச் செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதனை ஆக்கினார். இரும்புச் சத்து காற்றோடு கலந்து துருவாகி நிற்பதே அதன் சிவப்பு. மழையில் நனைந்தால் காய்ந்த இரத்தம்போல் கருஞ்சிவப்பு. பத்து நாள் வெயிலில் இளஞ்சிவப்புப் புழுதி.

என் துணிபு, இதற்கு வண்ணம் தேடாமல் மண்ணையே பயன்படுத்துவது. தோட்டச் சாலையில் ஒரு பிடி மண் எடுத்து, வாணலியில் வறுத்து ஆறவிட்டு, துணியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசலாம். வறுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பசையில் குழைத்த மண் காய்ந்தபின் சற்றுக் கருத்துக் காட்டும். ஆகவே கடைசியில் அதே மண்தூளைச் சிறிது உலர்ந்தபடியே மேலே தூவித் தட்டிவிட வேண்டும். லாரித் தடங்கள் இரண்டும் பசை ஈரமாக இருக்கும்போதே பொம்மை வண்டியின் சக்கரத்தால் உருட்டி எடுக்கப்பட வேண்டியவை. அதற்குமுன் சக்கரத்தில் நீர் தடவிக்கொள்ளுங்கள். இரு தடங்களுக்கும் நடுவே, சக்கரம் படாத இடத்தில் புல் முளைத்திருக்கும்.

தோட்டத்துச் சடக்கு பெருஞ்சாலையோடு சேரும் இடத்தை நின்று பாருங்கள். லாரிகளின் சக்கரம் செம்மண்ணை இழுத்துக்கொண்டு வந்து தார்மேல் விசிறிபோல் பரப்பியிருக்கும். சேருமிடத்தில் அடர்த்தி; வண்டி திரும்பும் திசையில் நீண்டு மங்கி மறையும். ஆயிரம் மரங்களை நட்டுக் காட்டினாலும் வராத உயிர், இந்த ஒரு செந்நிறக் கறையில் மேசைக்கு வந்துவிடுகிறது. எங்கள் மாணவர்களிடம் ஒரு சாலைச் சந்திப்பை வரையச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவன்கூட இதை வரைவதில்லை. நாள்தோறும் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள்.

சாலை ஓரத்துக் கால்வாயை விட்டுவிடலாகாது. டாங்கி சாலையைவிட்டு இறங்க முடியாதபடி செய்வது காட்டைவிட அக்கால்வாயே. மேசையைத் தோண்ட இயலாதவர்கள் கரையை உயர்த்தலாம். சாலையின் ஓரத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளிப் புற்கரை ஒன்றை எழுப்பினால் இடைப்பட்ட பகுதி தானே பள்ளமாகும். அதற்குள் கரும்பழுப்புப் பூசி, அடியில் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு கோடாக இட்டால் நீர் தேங்கியதுபோல் தோன்றும்.

ஒரு சொல் சேமிப்பைப் பற்றி. நம் வெப்பத்தில் அக்ரிலிக் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருட்டும்போது இடையே எண்ணெய்த்தாள் வைத்து, பூசிய பக்கம் வெளியே தெரியும்படி குழாயில் சுற்ற வேண்டும்.

கைவிடப்பட்ட சாலை

இனி, அந்தப் பழைய சாலைத் துண்டு. பெருஞ்சாலையைச் செய்யும்போதே அதே துணியில், அதே கலவையில் இதையும் பூச வேண்டும். ஏனெனில் ஒரு காலத்தில் அதுவும் பெருஞ்சாலையாகவே இருந்தது. பிறகுதான் அதைக் கிழவனாக்க வேண்டும். ஓரங்களைக் கத்தரியால் ஒழுங்கின்றிக் கடித்தெடுத்தாற்போல் வெட்டுக. பூச்சை அங்கங்கே சுரண்டி அடிமண்ணைக் காட்டுக. விரிசல்களில் பச்சையும், நிழல்பட்ட பகுதிகளில் பாசிக்குரிய கரும்பச்சையும் தேவை. லாலாங் புல்லுக்கு, சணல் கயிற்றைப் பிரித்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து ஓர் அங்குலத்தில் நறுக்கிக் கொத்துக் கொத்தாக நடலாம். புல் எவ்வளவு மூடினாலும் அடியில் இருப்பது உடைத்த கல்லால் இறுக்கிய தளம் என்பது விளையாட்டு விதியில் இடம்பெற வேண்டும். அதனால்தான் பல டன் எடையுள்ள டாங்கிகள் காட்டுக்குள் புதையாமல் அதில் சென்றன. சாதாரணக் காட்டுப்பாதை என்று அதற்கு விதி எழுதினால் மீண்டும் வரலாறு பொய்த்துவிடும்.

அத்துண்டின் இரு வாய்களும் பெருஞ்சாலையைத் தொடும் இடங்களில், புல்லும் புதரும் ஒட்டிய தனித் தகடுகளை வைத்து மூடிவிட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் காப்போனிடம் ஒரு நிலப்படம் கொடுக்கப்படும். அதில் பழைய சாலை புள்ளிக்கோடாக இருக்கும். கையிலுள்ள சில கண்ணிவெடிகளையும் ஒரு சிறு காவற்படையையும் பெருஞ்சாலையில் வைப்பதா, புள்ளிக்கோட்டில் வைப்பதா, இரண்டுக்கும் பங்கிடுவதா என்று அவனே முடிவு செய்யட்டும். தாக்குவோனுக்கு நிலப்படம் இல்லை. அவனுடைய முதல் டாங்கி எரிந்து நின்ற பிறகு, ஒவ்வொரு முறையும் பகடை உருட்டிச் சாலையோரத்தைத் தேடலாம். உரிய எண் விழுந்தால் அந்தப் புதர்த் தகட்டை எடுத்துவிட வேண்டும்.